மூன்றாம் தெருவின் கடைசிச் சுவர்

செல்வமேரி யார் வீட்டுக்குப் போனாலும் உடனே உட்கார மாட்டாள். பாயை விரித்தாலும் நாற்காலியை இழுத்துப் போட்டாலும் அவள் கண் நேராக வீட்டின் பின்பக்கம் ஓடும். "கொல்லைக் கதவைத் திறந்தா எந்தத் தெருங்க?" என்று கேட்பாள். கேட்டதோடு நிற்காமல், போய்த் தாழ்ப்பாளை நீக்கி, தலையை வெளியே நீட்டி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் கொடுத்த காப்பியைக் கையில் வாங்குவாள். கல்யாண வீடானாலும் இதேதான், துக்க வீடானாலும் இதேதான். பாக்கியநாதன் காலனிப் பெண்களுக்கு இது பல வருஷத்துச் சிரிப்பு. "மேரியக்கா வராங்க, கொல்லையைக் கூட்டி வைங்கடி" என்பார்கள்.

அவள் கோபித்துக்கொள்வதில்லை. கால் ஓர் இடத்தில் தரிக்காத பிறவி. தையல் மெஷினில் உட்காரும்போதுதான் அந்தக் கால்களுக்கு ஒரு வேலை கிடைத்து, மற்ற உடம்பு அடங்கும்.

காலனிக்கு வருவதற்கு முன்னால் அவளும் அவள் கணவர் ஸ்தனிஸ்லாசும் தென்னூரில் வாடகைக்கு இருந்தார்கள். அது இரண்டு வாசல் வீடு. முன்வாசல் கடைத்தெருவில், பின்வாசல் பள்ளிவாசல் பக்கத்துச் சந்தில். நடுவில் நீளமாக ஒரு நடை. அந்த நடையில்தான் மெஷினைப் போட்டிருந்தாள். மீன்காரி, தயிர்க்காரி, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், அவசரமாகப் பஸ் பிடிக்கிறவர்கள் எல்லாரும் அந்த நடை வழியாக ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போவார்கள். ஸ்தனிஸ்லாசுக்கு அது எரிச்சல். செல்வமேரிக்கு அதுதான் உயிர். போகிறவர்கள் சும்மா போக மாட்டார்கள். "மேரி, இந்தக் கையைக் கொஞ்சம் பிரிச்சு விடேன்" என்று ஒரு ரவிக்கையை மடியில் போட்டுவிட்டுப் போய், திரும்பும்போது வாங்கிக்கொள்வார்கள். அவள் எங்கும் போகாமலே ஊர் அவளைக் கடந்து போனது. அவளுடைய அமைதியின்மைக்கு அது போதுமானதாக இருந்தது.

ஸ்தனிஸ்லாஸ் பொன்மலை ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். நாள் முழுக்கச் சம்மட்டிச் சத்தத்தில் நிற்கிற மனிதர். அவருக்கு வாழ்க்கையில் வேண்டியிருந்தது ஒன்றுதான்: சொந்தமாக ஒரு வீடு, அதில் சத்தமில்லாத ஒரு மூலை. ஒரே மகளைத் திண்டுக்கல்லில் கட்டிக் கொடுத்த பிறகு, ஐம்பத்தேழாம் வருஷம், புத்தூர்ப் பக்கம் வயலை மனையாகப் போட்டு விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தார். பாக்கியநாதன் என்ற அரிசி வியாபாரி தன் நஞ்சையை நாலு தெருவாக வகுந்து விற்றுக்கொண்டிருந்தார். ஸ்தனிஸ்லாஸ் மூன்றாம் தெருவின் கடைசி மனையைத் தேர்ந்தெடுத்தார். வீட்டுக்கு வந்து பெண்டாட்டியிடம் பெருமையாகச் சொன்னார். "கடைசி வீடு மேரி. அதுக்கப்புறம் ஒண்ணுமே கிடையாது. ஒரு ஈ காக்கா நம்ம வாசலைத் தாண்டாது."

அவர் சொன்னது அப்படியே நடந்தது.

பாக்கியநாதன் தன் வயல் எப்படிக் கிடந்ததோ அப்படியே தெருவைப் போட்டிருந்தார். நாலு தெருவும் சீப்புப் பல் மாதிரி புத்தூர் ரோட்டில் வந்து சேரும். மறுமுனையில் நாலும் ஒரு வரப்பில் போய் முட்டும். அந்த வரப்புக்கு அப்பால் பிச்சமுத்து என்பவரின் நிலம். அவரும் அதே சமயத்தில் தன் வயலை மனை போட்டு விற்றார். அவர் போட்ட தெருக்கள் தென்னூரில் தொடங்கி அதே வரப்பில் வந்து நின்றன. இருவரில் ஒருவராவது மற்றவரிடம், உங்கள் தெரு எங்கே வருகிறது என்று கேட்கவில்லை. நடுவில் ஒரு முள்வேலி. வேலிக்கு இந்தப் பக்கம் எட்டு முட்டுச்சந்து, அந்தப் பக்கம் எட்டு முட்டுச்சந்து என்று ஆள் ஆளுக்குக் கேலி பேசுவார்கள். கணக்கு சரியில்லை என்றாலும் குணம் அதுதான்.

செல்வமேரி தன் அடுப்பங்கரை ஜன்னலைத் திறந்தால் வேலிக்கு அந்தப் பக்கம் சாரா பீவியின் மொட்டை மாடி தெரியும். சாரா பீவி தென்னூர் நாளிலிருந்து அவளுடைய வாடிக்கை. ரம்ஜானுக்கு வீடு மொத்தத்துக்கும் துணி தைக்கக் கொடுப்பவர். கொடியில் என்ன காய்கிறது, இன்றைக்கு வற்றல் போட்டிருக்கிறார்களா இல்லையா என்பது வரை செல்வமேரிக்குத் தெரியும். ஆனால் அந்த வீட்டுக்குப் போக வேண்டுமென்றால் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடந்து, புத்தூர் ரோட்டில் திரும்பி, வாய்க்கால் பாலத்தைச் சுற்றி, தென்னூருக்குள் நுழைந்து, திரும்பவும் உள்ளே உள்ளே நடந்து வர வேண்டும். சைக்கிளில் பொன்மலைக்குப் போய் வந்த ஸ்தனிஸ்லாசுக்கு இது ஒரு விஷயமாகவே தெரியவில்லை. அவருடைய வழி புத்தூர்ப் பக்கம். வேலிப் பக்கம் அவர் திரும்பிப் பார்க்கவே காரணமில்லை.

சாரா பீவி ஒரே ஒரு முறை சுற்றிக்கொண்டு வந்தார். வெயிலில் முகம் சிவந்து, ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு உட்கார்ந்தார்.

"உன் வீட்டு அடுப்புல புகை வரதை எங்க மாடியில நின்னு பார்க்கிறேன் மேரி. வரணும்னா மட்டும் ஊரையே சுத்த வேண்டியிருக்கு. என் முட்டி தாங்காதும்மா."

அதற்குப் பிறகு சில மாதம் துணி வேலிக்கு மேலே வந்தது. ஒரு கல்லை வைத்து முடிச்சுப் போட்டு வீசுவார்கள். இரண்டு மூன்று தடவை சரியாக வந்து விழுந்தது. ஒரு பட்டு ரவிக்கைத் துணி மட்டும் முள்ளில் மாட்டி நீளமாகக் கிழிந்தது. அதோடு, தையல் என்றால் அளவு வேண்டும். சாரா பீவியின் பேத்திக்கு வயசு ஏற ஏற அளவு மாறுகிறது. செல்வமேரி இந்தப் பக்கம் நின்று, "சுத்தளவு எவ்வளவுங்க?" என்று குரல் கொடுத்தாள். மாடியில் நின்ற சாரா பீவி முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, "எங்க வீட்டுப் பொண்ணு அளவை ஊரறியக் கத்தச் சொல்றியா? நல்லா இருக்கு போ" என்று இறங்கிப் போய்விட்டார். அன்றோடு அந்த வாடிக்கை நின்றது.

மற்றவர்களும் அப்படித்தான் ஒவ்வொருவராக விட்டுப் போனார்கள். யாருக்கும் அவள் மேல் வருத்தமில்லை. வழியில்லை, அவ்வளவுதான். காலனிக்குள்ளேயோ அப்போது வீடுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தன. மூன்றாம் தெருவுக்குள் தெரியாமல் நுழைந்துவிட்ட சாணை பிடிக்கிறவன் ஒருவன், கடைசி வீடு வரை வந்து, வேலியைப் பார்த்துத் திகைத்து, "இதுக்கு மேல தெரு இல்லியாம்மா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனான். அவன் முதுகு ரோட்டில் மறையும் வரை செல்வமேரி வாசலிலேயே நின்றாள்.

பகல் முழுக்க அவள் நடந்தாள். வாசலிலிருந்து வேலி வரை, வேலியிலிருந்து கிணறு வரை, கிணற்றிலிருந்து திரும்ப வாசல் வரை. மெஷின் மேல் போர்வை போட்டு மூடியிருந்தது. ஸ்தனிஸ்லாஸ் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும் வழியில் நிதானமாகச் சொன்னார். புத்தூரில் ஒரு தையல்காரர் நல்ல மெஷின் தேடுகிறாராம். சும்மா கிடந்து துருப்பிடிப்பதைவிட ஓடுகிற கையில் இருக்கட்டும். மாதா திருநாள் கழிந்ததும் வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறேன் என்றார். அவர் அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் அவள் சண்டை போட்டிருப்பாள். நியாயமாகச் சொன்னதால் சண்டைக்கு இடமில்லை. அன்று சாயங்காலம் போர்வையை எடுத்துவிட்டு, துணி வைக்காமலே கொஞ்ச நேரம் மிதித்துக்கொண்டிருந்தாள்.

வேலியில் ஓட்டை போடுவதும் அடைப்பதும் நடந்துகொண்டுதான் இருந்தது. காலனி ஆட்கள் முள்ளை விலக்கி ஒரு ஆள் நுழைகிற அளவுக்கு வழி செய்வார்கள். மறுநாள் பிச்சமுத்துவின் ஆள் வந்து புது முள்ளை வெட்டிப் போட்டு அடைப்பான். பிச்சமுத்து கெட்ட மனிதர் இல்லை. வேலியோரத்து மனைகள் பல இன்னும் விற்கவில்லை. ஊர்ச் சனம் நடக்கிற சந்தில் எவன் வீடு கட்டுவான் என்பது அவருடைய கவலை. கடைசியில் அவர் பொறுமையிழந்து செங்கல் கொண்டுவந்து இறக்கிவிட்டார். மதில் எழுப்பப் போகிறார் என்று தெரிந்தது. ஆடி மாதம் நடந்துகொண்டிருந்ததால் வேலை தொடங்கவில்லை. ஆவணி பிறந்ததும் கடைக்கால் தோண்டுவார்கள். முள் என்றால் விலக்கலாம். மதிலை என்ன செய்வது?

அந்த ஆடியில்தான் அவள் ஸ்ரீரங்கம் போனாள். உத்தர வீதியில் செங்கமல மாமி என்று ஒரு பழைய வாடிக்கை. தன் ரவிக்கையை வேறு கையில் கொடுக்க மாட்டார். அங்கே எப்படியும் பஸ்ஸில்தான் போக வேண்டும் என்பதால், காலனிக்கு வந்த பிறகும் அந்த வேலை விட்டுப் போகவில்லை. காவிரிக்கு அக்கரையில் இருந்த வாடிக்கை நிலைத்தது. முள்வேலிக்கு அக்கரையில் இருந்தது போய்விட்டது. இதை நினைத்துக்கொண்டே ரவிக்கைகளைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தவள், பஸ்ஸுக்குப் போகாமல் எதிர்ப்பக்கமாக நடந்தாள். வீதி திரும்பியது. அவளும் திரும்பினாள். மறுபடியும் திரும்பியது. எங்கேயும் முட்டவில்லை. கோவிலைச் சுற்றி நடந்து, கடைசியில் செங்கமல மாமியின் வாசலிலேயே வந்து நின்றாள். கோலத்துக்குத் தண்ணீர் தெளிக்க வந்த மாமி அவளைப் பார்த்து அயர்ந்துபோனார்.

"ஏண்டி மேரி, நீ போய் எத்தனை நாழியாச்சு. இன்னும் இங்கேயே நிக்கறே?"

"சுத்தி வந்தேன் மாமி. தெரு எங்கயும் அடைபடவே இல்லையே. இவ்வளவு வீடு இருக்கு, ஒருத்தர்கூட முன்னாடி இழுத்துக் கட்டலியா?"

"நன்னாருக்கு. இது பெருமாள் புறப்பாட்டுக்கு ஏளற வீதி. அவர் ஒரு தரம் ஏளியாச்சுன்னா அது அவர் வழி. அதுல குறுக்கே ஒரு கல்லைத் தூக்கிப் போட எவனுக்குத் தைரியம் வரும்?"

பஸ்ஸில் செல்வமேரி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். காவிரிப் பாலம் வந்ததும் போனதும் அவளுக்குத் தெரியவில்லை.

காலனி முகப்பில், ரோட்டோரமாக ஒரு சின்ன மாதா கோவில் உண்டு. அதில் பரலோக மாதா திருநாள் ஆகஸ்ட் பதினைந்து. சப்பரம் புத்தூர் ரோடு வழியாக வரும். நாலு தெருவுக்கும் முன்னால் நின்று, உள்ளே நுழையாமலே போய்விடும். காரணம் எல்லாருக்கும் தெரியும். சப்பரம் போன வழியே திரும்பக் கூடாது. ஒரு பக்கம் நுழைந்தால் மறுபக்கம் வெளியேற வேண்டும். பின்பக்கமாக நடந்து வருவதோ, வந்த தடத்திலேயே முகத்தைத் திருப்பிக் கொண்டுபோவதோ அந்தக் கோவில் பங்கில் யாரும் கேள்விப்படாத காரியம். அதனால் காலனிக்காரர்கள் தெருமுனைக்கு வந்து நின்று மாதாவைக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள்.

செல்வமேரி பங்குச் சாமியாரிடம் போனாள். வேலியை ஒரு நாள் விலக்க அந்தப் பக்கத்துக்காரர் சம்மதித்தால் சப்பரம் மூன்றாம் தெரு வழியாகப் போகுமா என்று கேட்டாள். வழி இருந்தால் ஏன் போகாது என்றார் அவர். அடுத்து, பாலத்தைச் சுற்றிக்கொண்டு பிச்சமுத்துவின் வீட்டுக்குப் போனாள். அங்கேயும் போனவுடன் கொல்லைக் கதவைப் பார்த்திருப்பாள், சந்தேகமில்லை. பிச்சமுத்து முதலில் புருவத்தை நெறித்தார். அவருடைய மனைவி வேலம்மாளோ, மாதா எங்க வாசல்ல நிக்குமா, நான் ஆரத்தி எடுக்கலாமா என்றுதான் முதல் கேள்வி கேட்டாள். எடுக்கலாம் என்றாள் செல்வமேரி.

"சாமி வரதை நான் வேணாம்னு சொல்ல முடியாதும்மா. ஆனா ஒரு நாளைக்குத்தான். மறுநாள் முள்ளை வெச்சிடுவேன்."

"உங்க இஷ்டம்ங்க" என்று சொல்லிவிட்டு அவள் எழுந்துவிட்டாள். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அவள் மனசில் இருப்பதை அவர் படித்திருப்பார்.

இனி அளவு. மூன்றாம் தெரு வேலியைத் தொடுகிற இடத்தில் ஒரு பக்கம் தெருவுக்குப் பொதுவான கிணறு, மேடையோடு. மறுபக்கம் ஸ்தனிஸ்லாஸ் எழுப்பிய மதில். அந்த மதிலை அவர் கொத்தனாரை வைத்துக் கட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பூசைக்குப் பிறகு தானே கல் அடுக்கி, தானே சுண்ணாம்பு குழைத்துப் பூசி, ஒரு மழைக்காலம் முழுக்கக் கட்டியது. கிணற்று மேடைக்கும் மதிலுக்கும் இடையில் இருந்த சந்தை அவள் டேப்பால் அளந்தாள். பிறகு கோவில் கொட்டகைக்குப் போய்ச் சப்பரத்தை அளந்தாள். குறுக்கே, நெடுக்கே, குடையின் உயரம், எல்லாம். சப்பரம் போக, இரண்டு பக்கமும் ஒவ்வொரு சாண் மிச்சம் இருந்தது. துணி அளந்து பழகிய கை. ஒரு தடவைக்கு இரண்டு தடவை அளந்துவிட்டு வந்தாள்.

பதினைந்தாம் தேதி விடுமுறை. பட்டறை ஆட்கள் எல்லாரும் காலனியிலேயே இருந்தார்கள். வெயில் தணிந்த நேரத்தில் சப்பரம் புறப்பட்டது. மூன்றாம் தெருவில் முதல் தடவையாக மாதா வரப்போகிறாள் என்று வாசலெல்லாம் தெளித்துக் கோலம் போட்டிருந்தார்கள். பேண்டு வாத்தியம் முன்னால் வந்தது. பெண்கள் ஜெபமாலை சொல்லிக்கொண்டு பின்னால் வந்தார்கள். சப்பரத்தைத் தூக்கியவர்களுக்குத் தலைவன் சகாயநாதன். பட்டறையில் ஸ்தனிஸ்லாசோடு வேலை செய்பவன், வாய் ஓயாதவன். ஸ்தனிஸ்லாசும் இடது பக்கத் தண்டுக்குத் தோள் கொடுத்திருந்தார். தன் வீட்டு வாசலுக்கு மாதாவைத் தானே சுமந்து வருவதில் அவருக்கும் ஒரு நிறைவு இருந்தது, முகத்தில் தெரிந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் முள் விலக்கியிருந்தது. பிச்சமுத்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். வேலம்மாள் ஆரத்தித் தட்டோடு நின்றாள். சாரா பீவி மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

முன்னால் தூக்கியவர்கள் சந்துக்குள் கால் வைத்தார்கள். வைத்தவர்கள் நின்றுவிட்டார்கள். வலது பக்கத்து ஆள் கிணற்று மேடையில் இடித்துக்கொண்டான். இடது பக்கத்து ஆளுக்கு மதில் தோளைத் தேய்த்தது. தண்டுக்கு வெளியேதானே ஆட்கள் தோள் கொடுத்து நடக்கிறார்கள். கொட்டகையில் சப்பரம் வெறுமையாக இருந்தபோது அவள் அளந்தாள். ஆட்கள் அங்கே இல்லை.

பேண்டு நின்றது. சகாயநாதன் தண்டின் கீழிருந்து கழுத்தைத் திருப்பிப் பார்த்தான்.

"மேரிக்கா, மாதாவை அளந்தீங்க, சரி. இந்த தடிமாடுங்களை யாரு அளக்கிறது?"

சிரிப்பு வந்தது, உடனே அடங்கியும் போனது. பின்னாலிருந்து யாரோ, ரெண்டு அடி பின்வாங்கி ரோட்டுப் பக்கமே போயிடலாமே என்றார்கள். பெண்கள் பக்கம் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. கோவில் உபதேசியார் கையை அசைத்து, கூடாது என்றார். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பிச்சமுத்துவே சத்தமாகச் சொன்னார். "பின்னால எடுக்காதீங்கப்பா, ஊருக்கு ஆகாது. எங்க மாரியம்மன் தேரையும் நாங்க திருப்ப மாட்டோம்." அவரிடம் யாரும் கேட்கவேயில்லை.

அப்படியானால் கிணறு, இல்லை மதில். கிணற்று மேடை கருங்கல். எல்லாருடைய கண்ணும் மதிலுக்குப் போயிற்று, மதிலிலிருந்து ஸ்தனிஸ்லாசுக்குப் போயிற்று. அவர் அசைய முடியாது. பாரம் தோளில் இருந்தது. முகம் மதிலைப் பார்த்தபடி ஒருக்களித்திருந்தது. செல்வமேரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவர் அருகில் போனாள். அவருடைய கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"ஏங்க."

"ம்."

"மதிலை…"

அவர் கண்ணைத் திருப்பி அவளைப் பார்த்தார்.

"வேணும்னேதான் செஞ்சியா மேரி?"

"இல்லைங்க. மாதா மேல ஆணையா மறந்துட்டேன்."

அவர் மூச்சை இழுத்து விட்டார். சுண்ணாம்பு வாசனை அடிக்கிற தூரத்தில் அந்த மதில் இருந்தது. எந்த ஞாயிற்றுக்கிழமை எந்த வரிசை வைத்தார் என்று அவருக்குத் தெரியும்.

"இடிக்கச் சொல்லு. தோள் போகுது" என்றார்.

கடப்பாரையை அவளேதான் உள்ளேயிருந்து எடுத்து வந்தாள். சகாயநாதனின் தம்பி வாங்கி இடித்தான். அகலமாக இடித்துவிட்டான், ஒரு மாட்டு வண்டி நுழையலாம். சப்பரம் சந்து வழியாகப் போகவில்லை. இடிந்த கற்களின் மேல் ஏறி, ஸ்தனிஸ்லாசின் வீட்டு முற்றத்துக்குள் நுழைந்து, அவர் வைத்த வாழையை மிதித்து, துவைக்கிற கல்லைச் சுற்றி, பக்கவாட்டு மதிலின் மறு முனையையும் இடித்துக்கொண்டு, வேலிக்கு அந்தப் பக்கம் இறங்கியது. வேலம்மாள் ஆரத்தி எடுத்தாள். பேண்டு மறுபடியும் தொடங்கியது. சப்பரம் தென்னூர்த் தெருக்களுக்குள் போய் மறைந்த பிறகு, செல்வமேரி தன் முற்றத்தில் நின்று முன்னும் பின்னும் பார்த்தாள். இரண்டு பக்கமும் திறந்து கிடந்தது. அவள் எண்ணியிருந்தது ஊர்ச் சந்தில் ஒரு வழி. கிடைத்தது வீட்டுக்குள்ளேயே.

மறுநாள் பிச்சமுத்துவின் ஆள் முள்ளோடு வரவில்லை. அதற்கும் மறுநாள், ஆவணி பிறந்த பிறகு, அவரே வந்தார். சாமி போன தடத்தில் வேலி வைக்க அவருக்கு மனசில்லை. வைக்காமலிருக்கவும் மனசில்லை. இடிந்த மதிலையும் தன் செங்கல்லையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஸ்தனிஸ்லாசிடம் ஒரு வார்த்தை சொன்னார்.

"வழி உங்க வீட்டுக்குள்ளதான் போகுது சார். நீங்க மதிலை எழுப்பினா நானும் எழுப்புறேன். நீங்க விட்டா நானும் விட்டுடுறேன். மாதாகிட்ட நான் முந்திக்க மாட்டேன்."

ஸ்தனிஸ்லாஸ் குனிந்து மிதிபட்ட வாழையை நிமிர்த்தி மண் அணைத்தார். பல நாள் பட்டறை விட்டு வந்ததும் இடிந்த மதிலருகே போய் நின்றுவிட்டுத்தான் உள்ளே வந்தார். செல்வமேரி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு உள்ளுக்கும் வெளிக்குமாக நடந்தாள். அதற்குள் ஆட்கள் நடக்கத் தொடங்கிவிட்டார்கள். முதலில் தயக்கமாக, வாசலில் நின்று, போகலாமாங்க என்று கேட்டுவிட்டு. பிறகு கேட்காமலே. சாரா பீவி முற்றத்தில் வந்து நின்று, பேத்தியை முன்னால் தள்ளி, "இப்ப அளவு எடுத்துக்க, யாருக்கும் கேக்காது" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்தனிஸ்லாஸ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இடிந்த கற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். ஒட்டியிருந்த சுண்ணாம்பைக் கொத்துக் கரண்டியால் தட்டி எடுத்து அடுக்கினார். அவள் அடுப்பங்கரையில் நின்று பார்த்தாள். கையில் இருந்த அரிசி உலையில் விழவேயில்லை. அவர் கல் அடுக்கத் தொடங்கிய இடம் பழைய மதில் இருந்த இடம் இல்லை. வீட்டுச் சுவரை ஒட்டி, இரண்டு கை அகலம் விட்டு, இடுப்பளவுக்கு ஒரு சிறு சுவர். முற்றம் முழுவதும் அதற்கு வெளியே போய்விட்டது.

அன்று பிற்பகல் புத்தூர்த் தையல்காரர் மெஷினைப் பார்க்க வந்தார். ஸ்தனிஸ்லாஸ் கையில் ஈரச் சுண்ணாம்போடு வாசலிலேயே நின்று அவரிடம் பேசினார்.

"விக்கலைங்க. ஓடிட்டிருக்கு."

அதன் பிறகு அவளுக்கு வேலை வந்தது, தூசியும் வந்தது. சைக்கிள் மணி, ஆட்டு மந்தை, தண்ணீர் வண்டி, புது வீடுகளுக்குச் செங்கல் ஏற்றிய மாட்டு வண்டிகள், பிறகு லாரி. நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து பகலில் தூங்க முடியாமல் ஸ்தனிஸ்லாஸ் கட்டிலை வீட்டின் மறுபக்கத்துக்கு இழுத்துப் போட்டார். அங்கேயும் தூக்கம் வரவில்லை என்று காதில் பஞ்சை வைத்துக்கொண்டார். செல்வமேரி ஜன்னலோரம் உட்கார்ந்து தைத்தாள். லாரி போகும்போது ஊசி நூல் கோத்த இடத்தில் நடுங்கும். நிறுத்திவிட்டுப் போகும் வரை காத்திருப்பாள். அவர் படும் அவதியைப் பார்க்கும்போது அவளுக்கு மனசு குறுகுறுக்கும். எழுந்து போய் அவருக்குக் காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு வந்து உட்காருவாள். உட்கார்ந்த சிறிது நேரத்தில் மறுபடி எழுந்துவிடுவாள். தெரு ஓடத் தொடங்கிய பிறகும் அவள் கால் ஓய்ந்துவிடவில்லை. ஆனால் முன்பு போல வேலி வரை போய்த் திரும்பி வரும் நடை இல்லை அது.

இப்போது அறுபத்தெட்டாம் வருஷம் நடக்கிறது. காலனியின் மற்ற மூன்று தெருக்களும் இன்னும் வரப்பிலேதான் முட்டி நிற்கின்றன. மூன்றாம் தெரு மட்டும் புத்தூர் ரோட்டிலிருந்து தென்னூர் வரை போகிறது. நகராட்சி அதை அளந்து கல் நட்டு, போன வருஷம் தார் போட்டுவிட்டது. ஸ்தனிஸ்லாஸ் ரிடையர் ஆகி வீட்டில் இருக்கிறார். காதும் கொஞ்சம் மந்தமாகிவிட்டதால் சத்தம் அவ்வளவாகத் தெரிவதில்லை என்கிறார். செல்வமேரி வாரத்தில் ஆறு நாள் தைக்கிறாள். வீட்டுக்கும் ரோட்டுக்கும் நடுவில் இரண்டு கை அகலம்தான் இருக்கிறது.